ஸ்டோர்காரரின் நூறு பங்கு

பேருந்து டிப்போவின் உதிரிப்பாகக் கிடங்கில் ஒரு ஜன்னல் உண்டு. அகலம் இரண்டடி, உயரம் ஒன்றரை அடி, நடுவே மூன்று இரும்புக் கம்பிகள். அந்த ஜன்னலுக்கு உட்புறம் பத்தொன்பது ஆண்டு நான்கு மாதம் உட்கார்ந்திருந்தவரை டிப்போவில் எல்லோரும் ஸ்டோர்காரர் என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மனைவிக்குக் கோபம் வந்தாலும் ஸ்டோர்காரரே, செல்லம் வந்தாலும் ஸ்டோர்காரரே. எது எது என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கிடங்கில் இருந்தவை நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வகைப் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அட்டையில் வந்தது, போனது, இருப்பு என்று மூன்று பத்தி. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் மூன்றாம் வரிசை, நான்காம் தட்டில் எத்தனை வைப்பர் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் சொன்ன எண்ணிக்கை தப்பாகப் போனது ஒரே ஒரு முறைதான். அன்று எலி ஒரு விசிறி பெல்ட்டைக் கடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தது.

அந்த ஜன்னலுக்கு ஒரு சட்டம் இருந்தது. பழசைக் கொடுத்தால்தான் புதுசு. உடைந்த விளக்கைக் கொண்டுவந்தால் விளக்கு, தேய்ந்த பிரேக் கட்டையைக் கொண்டுவந்தால் பிரேக் கட்டை. பன்னிரண்டு ஆண்டுக்கு முன்னால் ஒரு பெண் ஓட்டுநர் வந்து, வண்டியின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது, புதுசு வேண்டும் என்றார். பழசு எங்கே என்று கேட்டார் ஸ்டோர்காரர். அது நொறுங்கி ரோட்டில் கிடக்கிறது என்றார் ஓட்டுநர். அப்படியானால் தர முடியாது என்றார் இவர். ஓட்டுநர் போய்விட்டார். ஐம்பது நிமிடம் கழித்து ஒரு சாக்குப் பையோடு திரும்பி வந்து, கண்ணாடித் துண்டுகளை ஜன்னல் பலகையில் கொட்டி, "எண்ணிக்கோங்க" என்றார். இவர் நிஜமாகவே எண்ணினார். அறுபத்து மூன்று. பதினோரு மாதம் கழித்து இருவருக்கும் கல்யாணம்.

மூத்தது பெண், இப்போது ஒன்பது வயது. அப்புறம் நெடுநாள் இடைவெளி விட்டு ஒரு பையன். ஓட்டுநரின் பிரசவ விடுப்பு முடியும்போது பையனுக்கு எட்டு மாதம். அவனை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அப்போதுதான் நடுக்கூடத்தில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

ஸ்டோர்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நோட்டை எடுத்தார். மனைவியின் சம்பளத்தை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டார். ஓட்டுநருக்குச் சம்பள விகிதமும் அதிகம், ஓவர்டைமும் உண்டு. அந்தக் கணக்கில் இவருடைய சம்பளம் எழுபத்திரண்டு பங்குதான் தேறியது. வீட்டுச் செலவு நூற்று நாற்பது. குழந்தைகள் காப்பகத்தில் கேட்டது நாற்பத்தொன்பது. ஆக, இருவரும் வேலைக்குப் போய்ப் பையனைக் காப்பகத்தில் விட்டால் மாதம் பதினேழு பங்கு துண்டு விழும். இவர் வேலையை விட்டு வீட்டில் இருந்தால் இவருடைய பயணம், வெளிச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து பதினொரு பங்கு மிச்சம்; அப்போது துண்டு விழுவது இருபத்தொன்பது. இரண்டுக்கும் வித்தியாசம் பன்னிரண்டு.

"பன்னிரண்டு பங்குக்காகத் தினமும் பத்து மணி நேரம் பையனை இன்னொருத்தர் மடியில விடணுமா?" என்று கேட்டார்.

மனைவி நோட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் சொல்லாமல் விட்ட ஒன்று அவளுக்குத் தெரியும். மூத்தவள் முதல் முதலாக நடந்ததை அவர் பார்க்கவில்லை. அவளைப் பகலில் பார்த்துக்கொண்ட அம்மாள் டிப்போவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். கையில் வேறு காகிதம் இல்லாததால், வைப்பர் அட்டையின் ஓரத்தில் 'நடந்தாள், 11.15' என்று எழுதிவைத்தார். அந்த அட்டை நிரம்பி, புது அட்டை போட்ட பிறகும் பழையதை அவர் கிழிக்கவில்லை. இந்த முறை தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசை என்ற தலைப்பு அவருடைய நோட்டில் கிடையாது; அதனால் பன்னிரண்டு பங்கு என்று எழுதினார்.

அவளும் கணக்குத் தெரிந்தவள்தான். வங்கியில் இருந்த கையிருப்பு அறுநூறு பங்கு. அவளுடைய ஆறு மாதச் சம்பளம். இவருக்கு டிப்போவில் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்புக் கொடுத்தார்கள். ஆறாவது மாதத்தின் கடைசி நாள் மாலை நாலு மணிக்குள் நேரில் வந்து படிவம் கொடுத்தால் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். கொடுக்காவிட்டால் அடுத்த வேலைநாள் ஜன்னலுக்கு வந்துவிட வேண்டும். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"ஆறாவது மாசக் கடைசியில கையிருப்பு ஐந்நூற்று நாற்பதுக்குக் கீழே போயிருந்தா, மறுபேச்சு இல்லாம நீங்க வேலைக்குத் திரும்பிடணும். பையன் காப்பகத்துக்குப் போவான். சரியா?"

சரி என்றார். நோட்டின் முதல் பக்கத்தில் 540 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

முதல் மாதம் சட்டம் வீட்டுக்குள் வந்தது. புதிதாக வாங்கிவந்த பற்பசை, சோப்பு, பென்சில், விளக்கு எல்லாவற்றையும் சமையலறைப் பக்கத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். காலியான பற்பசைக் குழாயைக் கொண்டுவந்தால்தான் புதுக் குழாய். மூன்றாம் நாளே மனைவிக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. குழாய் காலியானதும் அவள் வழக்கம்போல் குப்பையில் போட்டுவிட்டாள், குப்பையும் போய்விட்டது. ஆதாரம் இல்லை என்று இவர் மறுத்தார். அவள் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு டியூட்டிக்குப் போனாள். அன்று மாலை வரும்போது ஓய்வறையில் வேறு யாரோ தூக்கிப் போட்டிருந்த காலிக் குழாயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கம்பெனி வேறு என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் புதுசை எடுத்துக் கொடுத்தார். எந்த ஜன்னலும் ஓரளவுக்குத்தான் கறாராக இருக்க முடியும்.

மூத்தவள் அம்மாவைவிடச் சாமர்த்தியசாலி. ஒரு ரப்பர் தேய்ந்ததும் அதை இரண்டாக வெட்டி, திங்கட்கிழமை ஒரு துண்டும் வியாழக்கிழமை ஒரு துண்டும் கொடுத்து, இரண்டு புது ரப்பர் வாங்கிவிட்டாள். மாதக் கடைசியில் அட்டையைச் சரிபார்த்தபோது இவருக்கு உண்மை விளங்கியது. திட்டவில்லை. டிப்போவில் பத்தொன்பது ஆண்டில் எந்த மெக்கானிக்குக்கும் தோன்றாத யோசனை இது என்று மனைவியிடம் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமையே இருந்தது.

மனைவியின் அண்ணன் ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். டிரில் மிஷின் விற்பவர். வாய் அதைவிட வேகம். தங்கை பஸ் ஓட்ட, மாப்பிள்ளை வீட்டில் துணி மடிக்கிறாரே என்று சுற்றிச் சுற்றி அதையே பேசினார். ஸ்டோர்காரர் டீ போட்டுக் கொடுத்து, கேட்டுக்கொண்டே மடித்தார். மச்சான் எழுந்து போகும்போது மேசையில் திறந்திருந்த நோட்டு கண்ணில் பட்டது. 'விருந்தினர்: மச்சான். டீ 2, பிஸ்கட் 5.'

"என்ன மாப்பிள்ளை இது?"

"செலவு, மச்சான்."

மச்சான் நோட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "அஞ்சு இல்ல. நாலு" என்றார்.

மூத்தவள் அறைக்குள்ளிருந்து, அஞ்சுதான் மாமா, ஒண்ணைத் தம்பி கையில கொடுத்துட்டு நீங்களே வாங்கிச் சாப்பிட்டீங்க என்றாள். அதன் பிறகு மச்சான் வரும்போதெல்லாம் பிஸ்கட் பாக்கெட்டோடுதான் வந்தார். அதையும் இவர் வரவில் எழுதினார்.

முதல் மாதச் செலவு நூற்றுப் பதின்மூன்று. கையிருப்பு ஐந்நூற்று எண்பத்தேழு. பரவாயில்லை என்று எல்லோருக்கும் தோன்றியது.

இரண்டாம் மாதம்தான் அவர் காலை வாரியது. வாரியது வேறு யாரும் இல்லை, அவர் பழகிய வேலையேதான். பையனுக்கு ஒரு நாளைக்கு ஆறு டயப்பர். ஆறு மாதத்துக்கு ஆயிரத்து எண்பது. அறுபது அடங்கிய பாக்கெட்டாகப் பதினெட்டு. மொத்தக் கடையில் மொத்தமாக எடுத்தால் ஒன்றுக்கு இருபத்திரண்டு சதவீதம் குறைவு. கிடங்கில் விலை குறைந்திருக்கும்போது வாங்கிப் போடாதவன் ஸ்டோர்காரனே இல்லை. பதினெட்டுப் பாக்கெட்டையும் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டிலுக்கு அடியில் ஒன்பது, அலமாரி மேல் ஆறு, மூத்தவளின் படிப்பு மேசைக்குக் கீழ் மூன்று. கூடவே சோப்பும் சலவைத்தூளும் காகிதச் சுருளும் மொத்தமாக வந்து இறங்கின. மூத்தவள் காலை மடக்கிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். அந்த மாதச் செலவு நூற்று இருபத்தெட்டு. கையிருப்பு ஒரே தாவலில் ஐந்நூற்று ஐம்பத்தொன்பதுக்கு இறங்கியது.

இனி நாலு மாதம் அந்தச் செலவே இல்லை என்று அவர் மனைவிக்குத் தைரியம் சொன்னார். மூன்றாம் மாதம் சொன்னபடியே நூற்றாறில் முடிந்தது. கையிருப்பு ஐந்நூற்று ஐம்பத்து மூன்று.

நாலாம் மாதம் முதல் வாரத்தில் பையனின் தொடையில் சிவப்புக் கோடு தெரிந்தது. டயப்பரின் ஒட்டுப்பட்டையை இழுத்து இழுத்து ஒட்ட வேண்டியிருந்தது. ஸ்டோர்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டைப் படித்தார். ஆறு கிலோ முதல் ஒன்பது கிலோ வரை. பையனைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மிஷினில் ஏறி, பிறகு அவனை இறக்கிவிட்டுத் தனியே ஏறிக் கழித்துப் பார்த்தார். ஒன்பது கிலோ இருநூறு கிராம். ஏழு பாக்கெட் தீர்ந்திருந்தது. பிரிக்காத பாக்கெட் பதினொன்று.

பிரேக் கட்டை வாங்கி வைத்தால் அது பிரேக் கட்டையாகவே இருக்கும்; பஸ் வளராது. வீட்டிலிருந்து வேளாவேளைக்கு மசித்து ஊட்டியதில் பையன் ஒன்பதே வாரத்தில் எண்ணூறு கிராம் ஏறியிருந்தான். தன் கையாலேயே ஊட்டி வளர்த்த நஷ்டம் என்று மனைவி சிரித்தாள். சிரித்து முடித்ததும், பதினொன்றும் போனால் கணக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் ஏற்கனவே போட்டு வைத்திருந்தார். புதிய அளவில் மறுபடியும் வாங்கினால் ஆறாம் மாதத்துக்கு முன்பே கையிருப்பு ஐந்நூற்று நாற்பதுக்குக் கீழே போய்விடும்.

மொத்தக் கடைக்குப் போனார். முப்பது நாளுக்குப் பிறகு திருப்பி எடுப்பதில்லை என்று பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். அந்த மாதிரி ஒரு வரியை டிப்போ ஜன்னலில் இவரே பலருக்குக் காட்டியிருக்கிறார். அதனால் வாதாடாமல் திரும்பி வந்தார்.

படியேறும்போது மூன்றாம் மாடி நர்ஸ், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். அந்தக் குழந்தை எத்தனை கிலோ என்று இவர் கேட்டார். குசலம் விசாரிக்காமல் எடையை விசாரிக்கும் முதல் ஆளைப் பார்த்தாள் நர்ஸ். ஏழு கிலோ என்றாள். அவளுடைய மூத்த பையன் டயப்பரை விட்டுவிட்டதால் பெரிய அளவில் நாலு பாக்கெட் பிரிக்காமல் அவளிடம் இருந்தது. அங்கேயே, படிக்கட்டிலேயே, நாலுக்கு நாலு கை மாறியது.

மறுநாள் கீழ்வாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு அட்டை தொங்கியது. சனிக்கிழமை காலை பத்து முதல் பதினொன்று வரை, மாடிப்படிக்கு அடியில், பிரிக்காத டயப்பர் அளவுக்கு அளவு மாற்றப்படும், மாற்றுக்குப் பணம் வாங்கப்படாது. முதல் சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். இரண்டாம் சனிக்கிழமை பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்தார்கள். சிலர் டயப்பரை விட்டுவிட்டுக் குழந்தைச் செருப்பு, மழைக்கோட்டு என்று கொண்டுவந்தார்கள். இவர் ஒரு பழைய மேசையைப் போட்டு உட்கார்ந்து அட்டை எழுதினார். மடியில் பையன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குங்கள் மாப்பிள்ளை என்று மச்சான் யோசனை சொன்னார். ஸ்டோர் என்பது கடை இல்லை என்று சொல்லி அந்தப் பேச்சை இவர் முடித்துவிட்டார். நாலு வாரத்தில் பதினொன்றில் ஒன்பது பாக்கெட் போய்விட்டது. நர்ஸுடையதையும் சேர்த்து ஏழு மாற்றில்; மாற்ற ஒன்றும் இல்லாதவர்களுக்கு இரண்டு, வாங்கிய விலைக்கே. நாலாம் மாதச் செலவு நூற்று நாலு. கையிருப்பு ஐந்நூற்று நாற்பத்தொன்பது.

ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஸ்டோர்காரர் துணி மடித்துக்கொண்டிருந்தார். பையன் துணிக்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூடையை விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது அடியில் உட்கார்ந்துவிட்டு, யாரோ தன்னைத் தள்ளிவிட்டது போல அப்பாவைப் பார்த்தான். ஸ்டோர்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பத்திரண்டு. நோட்டை எடுத்தார், தேதி போட்டார். பேனா அங்கேயே நின்றது.

மனைவி அந்த நேரத்தில் ஊரின் மறுகோடியில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருப்பாள். மதியம் போன் போட்டுச் சொல்லலாம். அவள் ஓய்வறையில் நின்றுகொண்டு கேட்பாள், சந்தோஷப்படுவாள், கையில் கிடைத்த காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்வாள். போனை எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார்.

மாலை ஆறு இருபதுக்கு அவள் வந்தாள். ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் அவர் பையனை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அங்கேயே நில்லு என்று அவளிடம் சொன்னார். பையன் அம்மாவைப் பார்த்தான், நாற்காலியை விட்டான். ஐந்து அடி. அவள் சீருடையோடு தரையில் உட்கார்ந்து அவனை வாரிக்கொண்டாள்.

"இதுதான் முதல் தடவையா?"

"ஆமா" என்றார்.

அன்றைய தேதிக்கு நேரே, மாலை 6.21, அடி 5 என்று எழுதினார். அவர் கையெழுத்தில் உள்ள பொய்ப் பதிவு உலகத்தில் அது ஒன்றுதான்.

அந்த மாதம் மூத்தவளுக்குக் கண்ணாடி வாங்கினார்கள்; செலவு நூற்றேழு. கையிருப்பு ஐந்நூற்று நாற்பத்திரண்டு. ஆறாம் மாதம் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். ஸ்டோர்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். முட்டை எண்ணிச் சமைத்தார். விளக்கை அணைக்காமல் யாராவது அறையைத் தாண்டுகிறார்களா என்று பின்னாலேயே போனார். ஆனால் இருபத்தோராம் தேதி பையனுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள், டாக்டர், மருந்து. பழசைக் கொடுத்து வாங்கும் விஷயம் இல்லை அது. கேட்டதை எடுத்துக் கொடுத்தார்.

மாதத்தின் கடைசி நாள் வியாழக்கிழமை. மூத்தவளுக்குப் பள்ளி விடுமுறை. மனைவிக்கு மதியம் இரண்டு மணிக்கு டியூட்டி. காலை ஒன்பதரைக்கு அவர் கணக்கை முடித்தார். செலவு நூற்று நாலு. கையிருப்பு ஐந்நூற்று முப்பத்தெட்டு. மூன்று முறை கூட்டினார். மூன்று முறையும் அதே முப்பத்தெட்டு.

எழுந்து போய் அலமாரியிலிருந்து டிப்போ சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார். பிறகு நோட்டைக் கொண்டுபோய் மனைவி முன்னால் வைத்தார்.

"ரெண்டு குறையுது. நாளைக்கு நான் ஜன்னலுக்குப் போயிடறேன். காப்பகத்துக்கு இன்னிக்கே சொல்லிடணும்."

அவள் நோட்டைப் பார்த்தாள்; நாற்காலியில் தொங்கிய சட்டையைப் பார்த்தாள். "ரெண்டு பங்குக்கா?"

"ரெண்டோ இருபதோ. நீ சொன்ன எண். உன் கையெழுத்து இருக்கு."

"ஏங்க, பஸ் ஓட்டும்போது முன்வண்டிக்கும் எனக்கும் நடுவுல எப்பவும் இடம் விட்டுத்தான் ஓட்டுவேன். அந்த இடம் ரெண்டடி குறைஞ்சா பிரேக்கைத் தொடுவேன். வண்டியை அங்கேயே நிறுத்திட்டு இறங்கி நடந்து போயிடுவேனா?"

"அது ரோடு. இது கணக்கு."

"நான் போட்ட எண்ணை நானே மாத்திக்கிறேன்."

"மாசக் கடைசியில எண்ணை மாத்துற பழக்கம் ஸ்டோர்ல கிடையாது."

ஆறு மாதத்துக்கு முன்னால் இவரை வீட்டில் உட்கார வைக்கத் தயங்கியவள் அவள். உட்காரத் துடித்தவர் இவர். இப்போது இடம் மாறி நின்றுகொண்டு இருவரும் சண்டை போட்டார்கள். மூத்தவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நின்று இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கடைசியில் மனைவி குரலைத் தணித்தாள்.

"மூத்தவ சின்னவளா இருந்தப்போ, ஒரு நாள் அவளுக்கு உடம்பு சுடுதுன்னு விட்டுட்டுப் போனேன். ரெண்டு ஸ்டாப்புல நிறுத்தாம ஓட்டிட்டேன். ஆளுங்க பின்னாலேருந்து கத்தினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது. உங்ககிட்ட சொல்லல. இந்த மாசம் பையனுக்கு மூணு நாள் காய்ச்சல். மூணு நாளும் நான் ரோட்டை மட்டும்தான் பார்த்தேன். அது உங்க நோட்டுல எந்தப் பத்தியில இருக்கு?"

ஸ்டோர்காரர் நோட்டைப் புரட்டவில்லை. அப்படி ஒரு பத்தி இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மனம் இளகினாலும் கூட்டல் மாறாது என்பது அவருடைய நெடுநாள் கொள்கை. முப்பத்தெட்டு முப்பத்தெட்டுதான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அவள் எழுந்தாள். நேரே போய், மேசையில் இருந்த சாவியால் சமையலறைப் பக்கத்து அலமாரியைத் திறந்துவிட்டாள். "சரி, ஸ்டோர்காரரே. இதுக்குள்ள இருக்கிறது யார் காசு?"

அவர் அலமாரிக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டாம் மாதம் மொத்தமாக வாங்கிய சோப்பு, சலவைத்தூள், காகிதச் சுருள், மாற்றில் வந்த பெரிய டயப்பர் எல்லாம் அங்கே இருந்தன. செலவு என்று எழுதியாகிவிட்டது, ஆனால் செலவாகவில்லை. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது இருப்பை எண்ணாமல் விட்ட ஸ்டோர்காரனை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

பத்தே காலுக்குக் கணக்கெடுப்பு ஆரம்பமானது. மூத்தவள் எண்ணிச் சொல்ல, இவர் எழுதினார். பையன் எண்ணி அடுக்கியதைக் கலைத்தான். இரண்டு முறை மறுபடி எண்ண வேண்டியிருந்தது. சோப்பு முப்பத்தொன்று. காகிதச் சுருள் இருபத்தாறு. பெரிய டயப்பர் பிரிக்காதது ஒன்று. சின்ன அளவில் மிஞ்சிய இரண்டு பாக்கெட்டுக்குப் பூஜ்யம் போட்டார். நர்ஸ் வாங்கிக்கொள்வாளே என்றாள் மனைவி. வாங்கும்வரை பூஜ்யம் என்றார். கூட்டியபோது ஆறரைப் பங்கு வந்தது.

அவள் கையைத் தட்டினாள். அவரோ பேனாவை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க?"

"தொடக்க இருப்பு. ஆறு மாசத்துக்கு முன்னாடி, முதல் நாள், வீட்ல என்ன இருந்துச்சுன்னு நான் எண்ணவே இல்ல. அதைக் கழிக்காம இதைச் சேர்க்க முடியாது."

பத்தொன்பது ஆண்டு நான்கு மாதம் ஜன்னலில் இருந்தவர், சொந்த வீட்டில் முதல் நாள் இருப்பை எடுக்காமல் கணக்கைத் திறந்திருக்கிறார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மூத்தவள் தம்பியின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மனைவி மறைக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலை மடக்கினாள்.

"எழுதிக்கோங்க. சோப்பு அரைத் துண்டு. பற்பசை ஒண்ணு, அதுவும் கடைசிப் பிதுக்கல். மூணாம் நாள் நான் வெறும் தண்ணியில வாய் கொப்பளிச்சுட்டுப் போனது எனக்கா மறக்கும்? சலவைத்தூள் ஒரு கப். காகிதச் சுருள் இல்ல, பழைய பேப்பர்தான். டயப்பர் ஒரு பாக்கெட், அதுல பாதி. பிஸ்கட் எங்க அண்ணன் தின்னது போக மீதி."

எல்லாவற்றையும் தாராளமாகவே விலை போட்டு, ஒரு பங்கு என்று கழித்தார். ஐந்தரை. ஐந்நூற்று முப்பத்தெட்டோடு சேர்த்தால் ஐந்நூற்று நாற்பத்து மூன்றரை. தொடக்க இருப்பு வாய்மொழிச் சாட்சியத்தின் பேரில் எழுதப்பட்டது என்று அடியில் குறிப்பு எழுதி, சாட்சியிடம் கையெழுத்து வாங்கினார். மணி பன்னிரண்டு நாற்பது.

மனைவி சீருடை மாட்டிக்கொண்டே, அடுத்த ஆறு மாதத்துக்கு எல்லை ஐந்நூறு போதும் என்றாள். ஐந்நூற்றிருபதுக்கு ஒரு பங்குகூடக் குறைக்க மாட்டேன் என்று இவர் அடம்பிடித்தார். ஐந்நூற்றுப் பத்து என்று மூத்தவள் தீர்த்துவைத்தாள். பிறகு படிவத்தை நிரப்பினார். மனைவி முன்னதாகக் கிளம்பிப் போனாள்.

இரண்டு முப்பத்தைந்துக்கு வாசலில் வந்து நின்ற பஸ்ஸை ஓட்டி வந்தது அவள்தான். ஸ்டோர்காரர் ஒரு கையில் பையனும் ஒரு கையில் படிவமுமாக ஏறினார்; பின்னால் மூத்தவள். சம்பளமில்லா விடுப்பில் இருப்பவருக்கு இலவசப் பயணம் கிடையாது. ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட்டுக்குச் சரியான சில்லறையைப் பெட்டியில் போட்டார். ஓட்டுநர் சில்லறையையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"டிப்போதானே? போகும்போது ஏத்திட்டுப் போறேன். வரும்போது?"

"நடந்து வந்துடலாம்" என்றார்.

மூத்தவள் பெருமூச்சு விட்டாள். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த யாரோ சிரித்தார்கள். ஓட்டுநர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, நாலு கிலோமீட்டர், காய்ச்சல் விட்ட குழந்தை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவை மூடினாள்.

ஸ்டோர்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்தார். பையன் அதன் மேல் கையை வைத்துக்கொண்டான். கையை நகர்த்திவிட்டு, 543.50 என்பதைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். போக ஒரு பங்கில் நூற்றில் ஆறு; வரவும் பஸ்தான், நூற்றில் ஆறு. 543.38 என்று எழுதினார்.